வெளுத்த பவளம், குவைத் டிக்கெட்

மே 12
வெயில் தாங்கவில்லை. திருப்பதி ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வடமாலபேட்டையில் பஸ் இறங்கினால், தெருவே இருட்டு. கம்பத்து மேலிருந்து லைன்மேன்: "டிரான்ஸ்ஃபார்மர் காலிபோயிந்தம்மா!" காலையிலேயே எரிந்துபோய்விட்டதாம். இன்வெர்ட்டரும் மத்தியானம் படுத்துவிட்டது. மீன்தொட்டியில் கை வைத்தேன், குளிக்கிற வெந்நீர். இரண்டு மீன் செத்து மிதந்தன. என் வீட்டுக்காரர் குவைத்தில் ஊருக்கெல்லாம் ஏசி மாட்டுகிறார். அவர் வீட்டுத் தொட்டி இங்கே வேகிறது.

மே 15
தொட்டியில் இருக்கிற பவளம் அவருடைய செல்லம். உயிருள்ளது. போன லீவில் சென்னையிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்தார். ரத்தச் சிவப்பாக இருந்தது, இன்று சுண்ணாம்பு வெள்ளை. பக்கத்து வீட்டு அக்கா வந்து பார்த்துவிட்டு, "மல்லிப்பூவாட்டம் இன்னா அழகா கீது!" அது சாகக் கிடக்கிறது, அழகாம்.
தொட்டிக்கடைக்காரருக்குப் போன். "சாவலம்மா. அதுக்குள்ள இருந்த பாசி சூடு தாங்காம ஓடிப்போச்சி. நெறம், சோறு எல்லாம் அதுக்கு அந்தப் பாசிதான். லைட்ட கொறைங்க, சூடு ஏறாம பாத்துக்குங்க, இறால் கொஞ்சமா குடுங்க. சும்மா சும்மா கைய உடாதீங்க."
பழைய துப்பட்டாவை மடித்து லைட்டுக்குக் கீழே கட்டினேன்.

மே 16
அவரிடம் சொன்னேன். வீடியோவில் முகமே விழுந்துவிட்டது. "லீவு கேக்கறேன். ஜூன் கடைசில நானே வந்து பாத்துக்கறேன்." எனக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, "நல்ல டாக்டரா பாரு" என்றதோடு சரி. எதற்காகவோ வரட்டும். வந்தால் போதும்.

மே 24, சனி
இறால் நறுக்க உட்கார்ந்தேன். அத்தை, அவருடைய அம்மா, பிடித்துக்கொண்டாள். "சனிக்கெழம பெருமாள் நாளு. இந்த ஊட்ல கவுச்சி கெடையாது."
"அதுதான துன்னுது அத்த, நாமளா துன்றோம்?"
"நம்ம ஊட்ல கீற வரைக்கும் அதுவும் நம்ம ஊட்டு ஆளுதான்."
ஆக, பவளத்துக்கும் விரதம். சிரித்துவிட்டேன். எத்தனை நாளாயிற்று சிரித்து.

ஜூன் 6
அத்தைக்கு பி.பி. மாத்திரை. தொட்டியில் வற்றின அளவுக்கு ஆர்.ஓ. தண்ணீர். துப்பட்டா துவைக்க. என் கால் வீக்கம் யாரிடம் சொல்ல.
சாயங்காலம் இறாலைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். இது தேறிவிட்டால் அவர் எதற்கு வருவார்? ஜூன் கடைசிவரை இப்படியே கிடந்தால் என்ன? கேவலமான யோசனைதான். ஆனால் வந்தது. லைட்டை அணைத்ததும் அது மெல்ல வாயைத் திறந்தது. பசி. போட்டுவிட்டேன், வேறென்ன செய்ய.

ஜூன் 19
லேசாக மழை. பவளத்தின் ஓரமெல்லாம் பழுப்பு, சேறு அப்பின மாதிரி. "அழுவிப்போச்சி, தூக்கிப் போடுடி" என்கிறாள் அத்தை. கடைக்காரருக்குப் போட்டோ அனுப்பினேன். உடனே போன்: "அதாம்மா பாசி! திரும்பி வந்துகினு கீது. செவப்பு அப்பறமா வரும். பொழச்சிக்கிச்சி போ!"
ஜவுளிக்கடையில் எல்லோருக்கும் சொல்லவேண்டும்போல சந்தோஷம். பஸ்ஸில் வரும்போது பயம். அவரிடம் சொல்லவில்லை.

ஜூன் 27
அவர் வீடியோவில். "தொட்டியக் காட்டு." எத்தனை நாள்தான் நெட் சரியில்லை என்பது? காட்டினேன். முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து பார்த்தார். பிறகு, "காப்பாத்திட்டியே!" கல்யாணமானதிலிருந்து என்னை இப்படிப் பாராட்டினதில்லை.
"நீ கீறப்ப எனக்கு இன்னா கவல? லீவு வேணாம்னு சொல்லிடறேன். இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்து கேக்கறாங்க, போட்டுடறேன். இன்னா?"
சரி என்றேன்.
சமையலறையிலிருந்து அத்தை: "எப்ப வரானாம்?"
"பவளம் பொழச்சிக்கிச்சி அத்த."