கள்ள வருத்தம்

இன்று காலை இடுப்புப் பையின் ஸிப்பைத் திறந்தபோது நசிந்த கதலிப் பழத்தின் மணம் முகத்தில் அடித்தது. போன கிழமை வைத்து மறந்த பழம். தோல் கறுத்து, உள்ளே கூழாகி, வீட்டுக் கதவின் திறப்பிலும் பஸ் காசிலும் ஒட்டிக்கிடந்தது. குசினியில் தண்ணீரைத் திறந்துவிட்டுப் பையைக் கழுவத் தொடங்கியவள், கழுவ மனமில்லாமல் அப்படியே நின்றுவிட்டேன். உன்னுடைய பை எப்போதும் இந்த மணத்தோடுதான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் நீ கொட்டாஞ்சேனையில் முதல் பஸ்ஸைப் பிடித்து வெள்ளவத்தையில் வந்து இறங்குவதற்குள் பழம் பாதி சப்பளிந்திருக்கும். “பழம் இல்லடி, ஜாம். பிடி” என்று நீட்டுவாய். காலைப் பூசைக்குப் போகாமல் என்னோடு ஓட வருவதற்கு உன் மம்மி ஏசுகிற ஏச்சையும் அதே மூச்சில் சொல்லி முடிப்பாய்.

மரதன் ஓட்டத்துக்கு இன்னும் இரண்டு கிழமையும் இல்லை. இந்த முறை முழுத் தூரம். நாம் இருவரும் சேர்ந்து ஓடுவதாக இருந்த தூரம். நான் மட்டும் பெயர் கொடுத்திருக்கிறேன்.

கொடுத்த நாளிலிருந்து ஒன்றன் பின் ஒன்றாக ஏதோ வந்துகொண்டேயிருக்கிறது. எல்லாம் சின்ன விஷயங்கள்தான். முதலில் மகளுக்கு நேர்சரியிலிருந்து தடிமனும் காய்ச்சலும் வந்தன. கடைசி நீண்ட பயிற்சி ஓட்டத்துக்கான காலை அவளுடைய நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருப்பதிலேயே கழிந்தது. அவளுக்குச் சுகமானதும் மழை பிடித்தது. மழை விட்டதும் எங்கள் ஃப்ளாட்டில் லிஃப்ட் பழுதானது. அவளைத் தூக்கிக்கொண்டு படியேறும்போது வலது கெண்டைக்காலில் ஏதோ சுண்டி இழுத்தது. அன்றிலிருந்து அந்தக் காலைத் தவிர வேறு எதைப் பற்றியும் என்னால் யோசிக்க முடியவில்லை. கதிரையில் இருக்கும்போதும் அழுத்திப் பார்க்கிறேன். நோகாவிட்டால், ஏன் நோகவில்லை என்று இன்னும் கொஞ்சம் அழுத்துகிறேன்.

இவர் நல்ல மனிதர், உனக்குத் தெரியும். நான் ஓடப் போனால் மகளுக்குப் பால் கரைத்துக் கொடுப்பார், தலை சீவி இழுத்துவிடுவார். ஆனால் நான் நொண்டுவதைப் பார்த்துவிட்டு, “ஏலாட்டி விடுமன். அடுத்த வருஷமும் நடக்கும்தானே” என்றார். நீ போன பிறகு அடுத்த வருஷம் என்ற சொல்லைச் சாதாரணமாகக் கேட்க என்னால் முடிவதில்லை. அதை அவருக்கு விளங்கப்படுத்தவும் தெரியவில்லை. கனடாவிலிருந்து கதைத்த அம்மாவுக்கோ வேறு கவலை. பிள்ளை பெற்ற உடம்பைக் குறைக்க ஓடியது சரி, இனி ஆரைத் துரத்துகிறாய் என்று கேட்டார்.

உன்னிடம் சொல்லியிருந்தால் சிரித்திருப்பாய். அந்தச் சிரிப்புக்காகவே ஒவ்வொரு நோவையும் உன்னிடம் கொண்டுவந்து கொட்டுவேன்.

பிள்ளைப்பேற்று லீவு முடிந்து கொம்பனித்தெரு ஒஃபிசுக்கு நான் திரும்பி வந்த காலம் நினைவிருக்கிறதா? மேசையில் கோப்புகள் குவிந்திருக்க, வீட்டுக்குக் கோல் எடுத்தபடியே இருப்பேன். பிள்ளை பால் குடித்ததா, மூச்சு ஒழுங்காக விடுகிறதா, பிள்ளையைப் பார்க்கிற மாமி நித்திரையாகிவிட்டாவா. பக்கத்து மேசையிலிருந்து பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், ஒரு நாள் என் கையிலிருந்த போனைப் பிடுங்கினாய். “இப்படியே இருந்தா உனக்குக் கை கோணிப் போகும். ஞாயிறு வாறேன். சப்பாத்து வாங்கி வை” என்றாய். அவ்வளவுதான் நம் ஓட்டத்தின் ஆரம்பம். முதல் ஞாயிறு, நாம் இருவரும் மூச்சு வாங்க ஓடுவதைப் பார்த்த ஃப்ளாட் காவலாளி, பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டோம் என்று நினைத்து ஓட்டோ பிடித்துத் தரவா என்று சிங்களத்தில் கேட்டார். நீ அவரிடம் வேண்டாம், இது சும்மா என்றாய். சும்மா ஓடுகிறவர்களை அவர் அதற்கு முன் கண்டிருக்கமாட்டார்.

நாம் ஓடிய அரை மரதனுக்கு முந்திய கிழமைகளில்தான் என் நோவுகளுக்கு ஒரு பெயர் வைத்தாய். கடைசிக் கிழமைகளில் பயிற்சியைக் குறைக்க வேண்டும். உடம்புக்கு வேலை குறைந்ததும் ஒவ்வொரு மூட்டாக முறைப்பாடு சொல்லத் தொடங்கும். எனக்கு முழங்கால், பிறகு இடுப்பு, பிறகு குதிக்கால். நீ எதையும் நம்பவில்லை.

“கள்ள வருத்தம்டி இது. ஸ்கூல் போக விருப்பமில்லாத பிள்ளைக்குத் திங்கக்கிழமை வயித்துவலி வரும்ல, அது. கணக்கில எடுக்காத.”

அதற்கு ஒரு சோதனையும் வைத்திருந்தாய். மரீன் டிரைவில் கடற்கரை ரயில் பாதை கூடவே வருகிறது. நோவு தொடங்கினால் அடுத்த ஸ்டேஷன் வரை மெதுவாக ஓட வேண்டும். கள்ள வருத்தம் என்றால் பாதி வழியில் தானாகக் கழன்றுவிடும். ஸ்டேஷன் வரை கூடவே வந்தால் அது நிச வருத்தம். பேசாமல் ரயில் ஏறி வீட்டுக்குப் போய்விட வேண்டும். வெள்ளவத்தையில் தொடங்கிய என் முழங்கால் நோ பம்பலப்பிட்டி வருமுன் எத்தனையோ தடவை காணாமல் போயிருக்கிறது. ஒரேயொரு நாள்தான் நான் ரயிலில் திரும்பினேன். வியர்வை நாற்றத்தோடு கோயிலுக்குப் போகிற சனத்துக்கு நடுவில் நிற்க வெட்கமாக இருந்தது. நீயும் என்னோடு ஏறி, பழத்தை உரித்து எனக்கொரு துண்டு தந்தாய்.

அந்த நாட்களில் உன் வயிற்றில் ஒரு பாரம் இருந்திருக்கிறது. சாப்பாடு இறங்கவில்லை என்று ஒரு தடவை சொன்னாய். உன் உடுப்புகள் இடுப்பில் தளரத் தொடங்கியபோது, ஓடுவதால் மெலிகிறாய் என்று ஒஃபிசில் எல்லாரும் பொறாமைப்பட்டார்கள். டொக்டரிடம் காட்டு என்று நான் சொன்னதற்கு, ஓட்டம் முடியட்டும் என்றாய். ஓட்டம் முடிந்தது. முடிவுக்கோட்டில் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இனி முழுத் தூரம் என்று கத்தினாய். அதற்குப் பிறகுதான் காட்டினாய்.

ஆஸ்பத்திரியில் உன்னைக் கடைசியாகப் பார்க்க வந்த நாளில் நீ அதிகம் கதைக்கவில்லை. மம்மி தண்ணீர் எடுக்க வெளியே போனபோது என் கையைப் பிடித்தாய்.

“அது ஸ்டேஷன் வரைக்கும் கூடவே வந்துச்சுடி. நான்தான் ரயில் ஏறல.”

எனக்கு உன்னில் கோபம். இவ்வளவு காலமாகியும் தணியாத கோபம். எனக்கு ஒரு சின்னப் பிடிப்பு வந்தபோது ரயிலேற்றிக் கூட்டிவந்தவள், உனக்கென்று வந்தபோது ஓடிக்கொண்டேயிருந்தாய். கள்ள வருத்தத்துக்கும் நிச வருத்தத்துக்கும் வித்தியாசம் சொல்ல உன்னால்தான் முடியும் என்று நம்பியிருந்தேன். இப்போது கெண்டைக்கால் இழுக்கும்போது உன் குரலைக் கேட்டுத் துணிவதா, உன்னை நினைத்துப் பயப்படுவதா என்று தெரியவில்லை. மகளுக்கு நாலு வயது. எனக்கு ஏதும் நடந்தால் என்ற நினைப்பு எந்த நோவோடும் சேர்ந்தே வருகிறது. சில நாட்களில் நோவுக்கு முன்னமே வந்துவிடுகிறது.

அதனால் நான் காட்டினேன். பஸ் ஓடுகிற காலி வீதிப் பக்கத்தில் ஒரு சின்னக் கிளினிக்கில், பிசியோதெரபி பார்க்கிற பெண்ணிடம். என் வயதுதான் இருக்கும். காலைத் திருப்பி, மடக்கி, பெருவிரலில் நின்று காட்டச் சொல்லிவிட்டு, சின்னப் பிடிப்புத்தான், சில நாள் ஆறவிட்டு மெதுவாக ஓடிப் பாருங்கள், கூடினால் நிறுத்துங்கள் என்றாள். நான் அழத் தொடங்கிவிட்டேன். அவள் பயந்துபோனாள்.

“அக்கா, அழுற அளவுக்கு ஒண்டும் இல்லையே.”

“அதுதான் அழுறன்” என்றேன். அவளுக்கு விளங்கியிருக்காது. ஒன்றுமில்லை என்று சொல்ல ஆள் இருந்தும் நீ போய்க் கேட்கவில்லை, அது சின்னதாக இருந்த நாட்களிலேயே கேட்டிருக்கலாம் என்பதையெல்லாம் முன்பின் தெரியாத ஒருத்தியிடம் எப்படிச் சொல்வது?

பையைக் கழுவிக் காயவிட்டு, திறப்பைக் கையில் பொத்திக்கொண்டு இன்று ஓடினேன். இப்போதும் கடல் பக்கத்தை உனக்கு விட்டுவிட்டுத்தான் ஓடுகிறேன். பழக்கம். எதிரில் வந்த இரண்டு பெண்கள் ஏதோ சொல்லிச் சிரித்தபடி கடந்து போனார்கள். திரும்பிப் பார்க்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டேன். கால் இழுத்தது. அதற்கு நான் எந்தப் பெயரும் வைக்கவில்லை. நடந்தேன். குறைந்ததும் ஓடினேன். மறுபடி இழுத்தபோது, இன்றைக்குப் போதும் என்று திரும்பி நடந்தே வந்தேன். மரதன் அன்று வரிசையில் நிற்பேன். எவ்வளவு தூரம் என்பதை அன்று கால் சொல்லட்டும். முழுத் தூரமும் ஓடி முடிக்காமல் விலக நேர்ந்தால், விலகுவேன். இதை எழுதும்போதும், உனக்காக முடிக்க வேண்டும் என்று எனக்குள் ஒருத்தி கத்திக்கொண்டிருக்கிறாள். அவளுடைய பேச்சை நான் கேட்கப் போவதில்லை.

வீட்டுக்கு வந்தபோது மகள் கதவடியில் நின்றாள். நான் நொண்டுவதைக் கண்டுவிட்டாள்.

“அம்மா, நோகுதோ?”

இல்லை என்ற சொல் வாய்வரை வந்துவிட்டது. அம்மாமாருக்கு அது தயாராகவே இருக்கும்.

“ஓம் செல்லம், கொஞ்சம் நோகுது.”

அவள் குந்தியிருந்து என் காலைப் பிடித்து ஊதினாள். இடது காலை. அது இல்லை, மற்றக் கால் என்றேன். அதையும் ஊதினாள். சத்தம் கேட்டு வெளியே வந்த இவரிடமும், எவ்வளவு நோகிறது, எங்கே நோகிறது, எவ்வளவு பயமாக இருக்கிறது என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒரு யோசனையும் சொல்லாமல் கேட்டுக்கொண்டு நின்றார்.

நோகிறதென்று வாய்விட்டுச் சொல்ல நீ எனக்குக் காட்டித் தரவில்லை. நீ சொல்லாமல் விட்டதைப் பார்த்துத்தான் நான் சொல்லக் கற்றுக்கொண்டிருக்கிறேன். அதையும் உன்னிடமிருந்து வந்ததாகவே வைத்திருக்கிறேன்.