வாஷிங் மெஷினுக்கு வரி குறையவில்லை

செப்டம்பர் 4, 2025

நேற்று ராத்திரி செய்தியில் ஜிஎஸ்டி குறைப்பு. 22ஆம் தேதி முதல். இன்று கடைக்கு வந்தவர்கள் சொல்லிவைத்த மாதிரி எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்துவிட்டு, "இருபத்திரண்டுக்கு வர்றோமுங்க" என்று போனார்கள். பெரிய டிவிக்கு 28 சதவீதம் பதினெட்டாகிறது. ஏசிக்கும்தான். குன்னூரில் ஏசி யாருக்கு வேண்டும்? எங்களிடம் ஓடுவது கீசரும் வாஷிங் மெஷினும். இரண்டுக்கும் முன்பே 18தான். அதில் மாற்றமில்லை.

செப்டம்பர் 6

சாந்தாமணியக்கா வந்தார். இரண்டு லாட்ஜுகளுக்குப் போர்வை, விரிப்பு துவைத்துக் கொடுப்பவர். மெஷினில் மோட்டார் எரிந்துபோய், ஒரு வாரமாகக் கையால் துவைக்கிறார். பணத்தோடு வந்தவர் விலைகூடக் கேட்கவில்லை. எப்படியும் குறையத்தானே போகிறது, அப்போது வருகிறேன் என்றார். இதற்குக் குறையாதுக்கா, இன்றே எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். சிரித்தார்.

"நீ விக்கோணும்னு சொல்றே அம்மிணி."

அதுவும் பொய்யில்லை.

செப்டம்பர் 11

இன்றைய விற்பனை: ஒரு அயர்ன் பாக்ஸ்.

செப்டம்பர் 13

முதலாளி மாரப்பன் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். இந்த மாதம் இப்படியே போனால் தீபாவளிக்குக் கடையில் ஒரே ஆள்தானாம். இருப்பது நானும் கீர்த்திவாசனும். அவன் முதலாளியின் மச்சினன் மகன். யார் போவது என்று கேட்கவா வேண்டும்? ராத்திரி உட்கார்ந்து வாடகைக் கணக்கை இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன்.

செப்டம்பர் 17

விடாத மழை. மார்க்கெட்டில் அக்காவைப் பார்த்தேன். கை வீங்கி, விரலிடுக்கெல்லாம் வெடித்திருக்கிறது. மறுபடியும் சொன்னேன், குறையாதுக்கா என்று. டிவியிலேயே சொல்லீட்டாங்களே, இன்னும் அஞ்சு நாள்தானே என்கிறார். கோபமே வந்துவிட்டது. நான் சொன்னா நம்பவே மாட்டாங்களா? — நான் யாரு, விக்கிறவதானே.

செப்டம்பர் 21

வாசலில் 'வரி குறைப்புத் திருவிழா' பேனர். வாஷிங் மெஷினுக்கெல்லாம் ஆயிரத்து ஐந்நூறு கூட்டி எழுதி, அதை அடித்து, கீழே பழைய விலையைச் சிவப்பில் எழுதச் சொன்னார் முதலாளி. என் கையெழுத்து நன்றாக இருக்குமாம். எழுதினேன்.

செப்டம்பர் 22

நல்ல கூட்டம். முதல் ஆளாக சாந்தாமணியக்கா. அடித்த விலையையும் சிவப்பு விலையையும் பார்த்துவிட்டு, அந்த வீங்கின கையால் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பாத்தியா அம்மிணி? மூணு வாரம் துவைச்சதுக்குப் பலன் இருக்குதல்லோ?"

ஆமாங்கக்கா என்றேன்.

பில்லில் 18 சதவீதம் என்றுதான் இருந்தது. மடித்து வாரண்டி கார்டுக்குள் வைத்துக் கொடுத்தேன்.

செப்டம்பர் 30

பேனர் தீபாவளி வரைக்கும் இருக்கட்டும் என்றார் முதலாளி. நானும் இருக்கலாமாம். சந்தோஷம்தான். அக்கா ரோட்டில் வருவது தெரிந்தால் மட்டும் குடோனுக்குள் போய்விடுகிறேன்.