உப்பு குறையவில்லை, தண்ணீர்தான் கூடிவிட்டது

அன்புள்ள மகாராணிக்கு,

உன் சித்தப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள் என்று நானே முடிவு செய்துகொண்டு எழுதுகிறேன். இங்கே உன் அம்மா நடமாடுகிறார், நான் மூன்று உலகத்தையும் ஆஸ்பத்திரி வராந்தாவின் பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து ஆண்டுகொண்டிருக்கிறேன், உன் அப்பா உள்ளே கட்டிலில். உப்பு குறைந்துவிட்டது என்று சொன்னார்களா, உன் அம்மா உடனே ஒரு கடலையே வற்றவைத்துச் சாப்பாட்டில் கொட்டிக் கொண்டுவந்துவிட்டார். டாக்டரம்மா பார்த்துவிட்டு, "உப்பு எங்கேயும் போகலைம்மா, தண்ணிதான் வெளிய போக மாட்டேங்குது" என்றார். மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் ஒரு சுரப்பியாம். உடம்பில் தண்ணீர் குறைந்தால் அது ஒரு ஹார்மோனை அனுப்பி, தண்ணீரை விடாதே, பிடித்து வை என்று சிறுநீரகத்துக்கு உத்தரவு போடுமாம், போதுமான அளவு இருந்தால் சும்மா இருக்குமாம். வலிப்புக்குத் தந்த மாத்திரையால் இவருக்கு அந்த உத்தரவு ஓயவேயில்லை. தண்ணீர் தேங்கித் தேங்கி ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய் மூளை குழம்பிவிட்டது. அதனால்தான் தண்ணி லாரி ஓட்டிய நாளின் நினைப்பில் என்னைப் பார்த்து, "டேய் கிளீனர், ஓஸைச் சுத்துடா" என்றார். நான் சுற்றுவதுபோல் கையை ஆட்டினேன். சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை, எதிர்ச்சுவரில் பெயிண்ட் உரிந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாத்திரையை மாற்றியிருக்கிறார்கள். உப்பை மெதுவாகத்தான் ஏற்ற வேண்டுமாம், அவசரப்பட்டால் மூளைக்கு ஆகாதாம். அதுவரை ஒரு நாளைக்கு ஒரு பாட்டில் தண்ணீர்தான், அதற்குக் காவல் நான். லாரி லாரியாய் ஏழு கடல் தண்ணீரை ஊருக்கு ஊற்றிய மனுஷன், "ஒரே ஒரு வாய்டா தம்பி" என்று கெஞ்சுகிறார். பஞ்சை நனைத்து உதட்டைத் துடைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறேன். நேற்று போனில் அவர் உன்னிடம் என்னைப் பற்றிப் புகார் சொன்னதும் நீ அழுது, "குடுத்துருங்க சித்தப்பா" என்றாய். போனை வைத்துவிட்டேன், கோபமில்லை கண்ணு, பாட்டிலை எடுத்து என் நாற்காலிக்கு அடியில் தள்ளி வைத்தேன்.

வேளைக்குச் சாப்பிடு, டிக்கெட் கிடைத்தால் வா, கிடைக்காவிட்டால் மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே. தீர்க்காயுசாய் இரு, உன் வீட்டில் ஒரு குறையும் வராது. ஒன்று மட்டும் நினைவில் வை. மறுபடி போனில் அவர் கேட்டால், கொடுக்கச் சொல்லி என்னிடம் சொல்லாதே. நீ இன்னொரு தடவை சொன்னால் நான் கொடுத்துவிடுவேன்.

இப்படிக்கு,
உன் அப்பாவின் தம்பியும் தண்ணீர் பாட்டிலின் தலைமைக் காவலருமான
சித்தப்பா