விற்பதற்கு முன் ஒரு சர்வீஸ்

ஜூன் 8, ஞாயிறு

ஜனவரியில் குணாவுக்குப் பக்கவாதம் வந்த பிறகு இன்றுதான் டிராக்டர் ஷெட்டைத் திறந்தேன். சீட்டில் பூனை படுத்த தடம். ரேடியேட்டர் வலையில் குளவிக் கூடு. சாவியைத் திருகினால் ஒரு சத்தமும் இல்லை. பேட்டரி செத்திருக்கிறது.

பக்கத்து ஊர் யாதகிரி வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். சின்ன டிராக்டர், கொய்யா வரிசைக்குள் புகுந்து வரும், அவர் தோட்டத்துக்குத் தோதுப்படும். ஆனால் சர்வீஸ் செய்திருக்க வேண்டும், அவர் கண் முன்னால் ஸ்டார்ட் ஆக வேண்டும். ஷாமீர்பேட்டை மெக்கானிக்கோ, விதைப்பு சீசன் மேடம், வண்டியை இங்கே கொண்டு வாங்க என்கிறார். ஓடாத வண்டியை எப்படிக் கொண்டுபோவது? அதனால் நானே இறங்கிவிட்டேன். வண்டியோடு வந்த புத்தகம் இருக்கிறது. எனக்கும் கை கால் இருக்கிறது.

பேட்டரி மேல் வெள்ளையாகப் பூத்திருந்ததை வெந்நீர் விட்டுத் துடைத்துக்கொண்டிருந்தபோது பின்னால் வாக்கர் சத்தம். குணா. பகலில் அவரைப் பார்த்துக்கொள்ள வரும் சம்மக்கா பக்கத்தில் பிடித்துக்கொண்டு நின்றாள். படுக்கையிலிருந்து எழுப்ப நான் தினமும் கெஞ்ச வேண்டிய மனிதர், தானாக வந்திருக்கிறார்.

"உழ... உழவா?" என்றார்.

மழைக்கு முன்னால் நிலத்தை உழத்தான் நான் வண்டியைத் தொடுகிறேன் என்று நினைத்துவிட்டார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

"பேட்டரிய பாக்கறேன் குணா" என்றேன்.

இது பொய்யா?

ஜூன் 9

பேட்டரியை சார்ஜுக்குப் போட்டாயிற்று. விற்கப்போவதை அவரிடம் சொல்லவில்லை.

ஜூன் 12, வியாழன்

மாதாப்பூர் ஆபீஸ் நாள். செவ்வாயும் வியாழனும் போயே ஆக வேண்டும். திரும்பும்போது ரிங் ரோடில் மழை, வண்டிகள் நகரவில்லை. டாக்சியில் உட்கார்ந்து யோசித்தேன். ஊரடங்குக்குப் பிறகு சிட்டியில் கச்சிபௌலி ஃபிளாட்டைக் காலி செய்து இந்த ஒரு ஏக்கருக்கு வந்தது அவர் ஆசை. வேலையை விட்டார், கொய்யா வைத்தார், டிராக்டர் வாங்கினார். நான் கூட வந்தேன். இப்போது டாக்டர் ஒரு கோடியில், பேச்சுப் பயிற்சி திருமுல்கேரியில், ஆபீஸ் இன்னொரு கோடியில். ராத்திரி ஏதாவது ஆனால் ஆம்புலன்ஸுக்கு வழி சொல்லவே முடியாது. கச்சிபௌலிக்கே திரும்பிப் போவதுதான் சரி. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அப்படியானால் சொல்ல ஏன் வாய் வரவில்லை?

ஜூன் 15, ஞாயிறு

என்ஜின் ஆயில் மாற்றினோம். மாற்றினேன் என்றுதான் எழுத வந்தேன். கை தானாக மாற்றினோம் என்று எழுதுகிறது.

ஷெட் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். அடியில் போல்ட்டைக் கழற்ற நான் ஸ்பேனரைத் தப்பான பக்கம் திருப்ப, இடது கையால் நாற்காலியைத் தட்டினார். "அந்... அந்தப் பக்கம்." திறந்ததும் கறுப்பு ஆயில் என் முழங்கைவரை வழிந்தது. அடுத்து ஃபில்டர். அந்த வார்த்தை அவருக்கு வரவில்லை. உதட்டைக் குவிக்கிறார், கண்ணை மூடுகிறார், கழுத்து நரம்பு புடைக்கிறது. நான் வழக்கம்போல எடுத்துக்கொடுக்கப் போனேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"வடி... வடிகட்டி."

எனக்குப் புரியவில்லை. "காபி" என்றார். "காபி வடிகட்டி!"

சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். வாய் ஒரு பக்கம்தான் போகிறது, ஆனாலும் சிரிப்பு. ஜனவரிக்குப் பிறகு இந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு. புது ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் துளி ஆயில் தடவி, கையாலேயே இறுக்கச் சொன்னார். ஸ்பேனர் போட்டால் அடுத்த தடவை கழற்ற வராதாம்.

அடுத்த தடவை. உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

ஜூன் 17

சுபா பூனாவிலிருந்து கூப்பிட்டாள். படிப்பு, ஹாஸ்டல், எல்லாம் பேசிவிட்டு, "Did you tell Appa?" என்றாள்.

"ஞாயித்துக்கெழம சொல்றேன்."

"நீ போன வாரமும் ஸண்டேன்னுதான் சொன்னே. அம்மா, அவர் வண்டி அது. Please tell him."

எனக்குக் கோபம் வந்தது. தூரத்தில் இருப்பவளுக்குச் சொல்வது சுலபம். போனை வைத்த பிறகு தெரிந்தது, அவள் சரியாகத்தான் சொன்னாள்.

ஜூன் 22, ஞாயிறு

கிரீஸ் அடிக்கும் நாள்.

திருமுல்கேரியில் கைப் பயிற்சி கொடுக்கும் பெண், வலது கையில் ஒரு மெத்தென்ற பந்தைக் கொடுத்து அமுக்கச் சொல்வாள். இவர் அதைக் கீழே விடுவார். வேண்டுமென்றே விடுகிறார் என்றுகூட எனக்குத் தோன்றும். இன்று முன் அச்சுக்கு அடியில் குனிந்து நான் கிரீஸ் கன்னோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். கிரீஸ் புகும் நிப்பிள் ஒன்றில் அது ஏறவே இல்லை, எல்லாம் வெளியே பிதுங்கியது.

"விடு" என்றார். "நான்."

நாற்காலியை நகர்த்தி அவரைக் கிட்டே உட்காரவைத்தேன். இடது கையால் வலது கையைத் தூக்கிப் பிடியின் மேல் வைத்தார். வைத்துவிட்டு அழுத்தினார். விரல்கள் நடுங்கின. பிடி கொஞ்சம் இறங்கியது. இன்னும் கொஞ்சம். பழைய கிரீஸ் கறுப்பாக வெளியே தள்ளிக்கொண்டு வந்தது.

சம்மக்கா கை தட்டினாள். அவர் என்னைப் பார்த்தார். சொல்ல வேண்டுமென்றால் அந்த நிமிடம் சொல்லியிருக்க வேண்டும். யாதகிரியிடம் வேண்டாம் என்றாவது சொல்லியிருக்கலாம். அந்தக் கையில் இருந்த கிரீஸைத் துடைத்துவிட்டேன். அவ்வளவுதான் செய்தேன்.

ஜூன் 25

யாதகிரி போன். அடுத்த சனிக்கிழமை வந்து எடுத்துக்கொள்ளட்டுமா என்றார். சரி என்றேன். சரி என்ற வார்த்தை எனக்கு மட்டும் எவ்வளவு சுலபமாக வருகிறது.

ஜூன் 29, ஞாயிறு

கடைசி வேலை, டீசல் ஃபில்டர். மாற்றிவிட்டு ஸ்டார்ட் செய்தால் இருமுகிறது, நிற்கிறது. இருமுகிறது, நிற்கிறது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. எத்தனை நாள் வேலை! கெட்டுப்போச்சு, நான்தான் கெடுத்துட்டேன் என்று ஸ்பேனரைத் தரையில் போட்டேன்.

"காத்து" என்றார் குணா. எவ்வளவு நிதானமாக. "உள்ள... காத்து."

டீசல் போகும் குழாயில் காற்று அடைத்திருக்கிறது. ஃபில்டர் மேலே இருக்கும் சின்ன திருகைத் தளர்த்தி, கைப் பம்பை அமுக்கச் சொன்னார். நுரையும் குமிழுமாக டீசல் வந்தது. நான் நிறுத்தப் பார்த்தேன். "இன்னும்." அமுக்கினேன். "இன்னும்." குமிழ் நின்று வெறும் டீசல் வழிந்ததும், "போதும்... மூடு."

சாவியைத் திருகினேன். ஒரு உதறல், ஒரு கறுப்புப் புகை, அப்புறம் சீராக ஓட ஆரம்பித்தது.

அந்தச் சத்தத்தை அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு, தடங்கலே இல்லாமல், ஜனவரிக்குப் பிறகு அவர் பேசிய மிக நீளமான வாக்கியத்தைச் சொன்னார்.

"அடுத்த ஞாயித்துக்கெழம உழுதுடலாம், மைதிலி."

யாதகிரி வருவது சனிக்கிழமை.

நான் தலையாட்டினேன். ஐயோ, தலையாட்டினேன்.

ஜூலை 2

வெள்ளிக்கிழமை லீவு போட்டிருக்கிறேன். காலையில் காபியோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். அவர் வேண்டாம் என்றால் யாதகிரியிடம் நானே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

ஜூலை 3, வியாழன்

ஆபீஸிலிருந்து வந்தேன். ஷெட் காலி.

யாதகிரி இன்றைக்கே வந்துவிட்டார். நேற்றைய மழையில் மண் பதமாக இருக்கிறது, சனிக்கிழமை வரை காத்திருந்தால் காய்ந்துவிடும் என்று. எனக்குப் போன் செய்திருக்கிறார், நான் மீட்டிங்கில் போனை மூடி வைத்திருந்தேன். சம்மக்கா தயங்கித் தயங்கித் தெலுங்கில் சொன்னாள்: வந்தவர் குணாவிடம் நேரே போய், மேடம் பேசி முடித்துவிட்டார்கள் சார், வண்டியை எடுத்துக்கொண்டு போகிறேன் என்றாராம். குணா எழுந்து, வாக்கரோடு உள்ளே போய், சாவியைத் தானே எடுத்துவந்து கொடுத்தாராம். யாதகிரி ஸ்டார்ட் செய்து பார்த்து, "பண்டி மஞ்சிகுந்தி சார்" என்று சந்தோஷமாகக் கையெடுத்துக் கும்பிட்டாராம். வண்டி நல்லா இருக்கு.

நல்லா இருக்காதா பின்னே. நாங்கள் இருவரும் சேர்ந்து செய்த சர்வீஸ் ஆயிற்றே.

உள்ளே போனேன். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். குணா, நாளைக்கு சொல்லலாம்னுதான் இருந்தேன், நெஜமா, லீவுகூட போட்டிருக்கேன், அவரு இன்னிக்கே வருவாருன்னு நான் நெனக்கலே— என்னென்னவோ உளறினேன். எல்லாம் என் பக்கத்து நியாயம். அவர் திரும்பவில்லை.

ரொம்ப நேரம் கழித்து, "சொல்லி... ருக்கலாம்" என்றார்.

அவ்வளவுதான். திட்டியிருக்கலாம். தட்டை எறிந்திருக்கலாம்.

ஜூலை 5, சனி

யாதகிரி தோட்டத்துக்குப் போனேன். வண்டியைத் திருப்பித் தர முடியுமா என்று கேட்டேன். மனிதர் திகைத்துப் போனார். வண்டிக்கு மஞ்சள் குங்குமம் வைத்துப் பூ சுற்றியிருந்தது, பாதி நிலம் உழுதாகிவிட்டது. அவர் மனைவி எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். விதைக்கிற நேரத்தில் எடுத்துக்கொண்டு போனால் நாங்கள் என்ன செய்வோம் அம்மா என்றார். கேட்டதே தப்பு என்று தோன்றியது. தண்ணீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

ஜூலை 13

எழுந்திருக்க மறுக்கிறார். வாக்கர் மூலையில் நிற்கிறது. பந்தைக் கையில் வைத்தால் அப்படியே வைத்திருக்கிறார், அமுக்குவதில்லை.

ஜூலை 23

பேச்சுப் பயிற்சிக்காரப் பெண் இன்று ரொம்ப சந்தோஷப்பட்டாள். "He is making full sentences, ma'am!" என்றாள். என்ன வாக்கியம் என்று கேட்டேன். வீட்டில் இன்று என்ன சமையல், மாலை எங்கே போவீர்கள் என்றெல்லாம் அவள் கேட்டிருக்கிறாள். எல்லாவற்றுக்கும் ஒரே பதிலைத் திக்காமல் திணறாமல் சொன்னாராம். காதில் விழுந்ததை அப்படியே சொல்லிக்காட்டினாள்.

"மைதிலி முடிவு பண்ணுவா."

அவளுக்குத் தமிழ் தெரியாது. வாக்கியம் நன்றாக வந்தது என்று மட்டும் தெரியும். வரும் வழியெல்லாம் ஆட்டோவில் நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். அவர் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை. இந்த வீட்டில் எப்படி நடக்கிறதோ அதைச் சொன்னார்.

ஜூலை 27, ஞாயிறு

கச்சிபௌலி ஃபிளாட்காரருக்கு இந்த வாரம் பதில் சொல்ல வேண்டும்.

குணா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அங்கே போனால் என்ன நல்லது, என்ன கெட்டது, எனக்கு என்ன பயம், எல்லாவற்றையும் சொன்னேன். ஆம்புலன்ஸ் பயத்தையும் சொன்னேன். "நீங்க சொல்லுங்க. போலாமா, வேண்டாமா?"

"உன் இஷ்டம்."

"என் இஷ்டம் வேண்டாம் குணா. உங்களுக்கு என்ன வேணும்?"

ஃபேன் சுற்றியது. எழுந்து போய்விடலாம் என்று தோன்றியது, அவருடைய மௌனத்தை நானே சரி என்று எடுத்துக்கொண்டு. எத்தனை முறை அப்படிச் செய்திருக்கிறேன். போகவில்லை. உட்கார்ந்தே இருந்தேன்.

"வேண்டாம்" என்றார். பிறகு, சிரமப்பட்டு, "இங்க... இருக்கலாம்."

பயமாகத்தான் இருக்கிறது. இருந்தும் ஃபிளாட்காரருக்குப் போன் செய்து வரவில்லை என்று சொல்லிவிட்டேன். சுபாவிடமும் சொன்னேன். அவள் அழுதாள்.

ஆகஸ்ட் 10

களை இடுப்பு உயரம். கொய்யா வரிசையே தெரியவில்லை. இருக்கிற நிலத்துக்கு இல்லாத டிராக்டர். நான்தான் விற்றேன், வேறு யாரைச் சொல்ல?

ஆகஸ்ட் 17, ஞாயிறு

கொள்ளு விதைக்க, வாடகைக்கு ஒரு டிராக்டர் வரச் சொல்லியிருந்தேன். வந்தது. அந்தச் சத்தம் கேட்டதும் குணா எழுந்து உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் வேலி ஓரம் தனியாக நின்றேன். ஓட்டியவன் அவசர அவசரமாக நாலு சுற்றுச் சுற்றிவிட்டு, இன்னொரு இடத்துக்குப் போக வேண்டும் என்று கிளம்பிவிட்டான்.

கதவு திறந்தது. "ஆழமா... உழுதானா?"

அவராக என்னிடம் ஒன்று கேட்டு எத்தனை நாளாயிற்று.

"எனக்குத் தெரியல குணா. நீங்க வந்து பாருங்க."

வாக்கரை எடுத்துக்கொண்டு மெதுவாக வந்தார். ஓரத்தில் நின்று, வாக்கரின் காலால் மண்ணைக் குத்திப் பார்த்தார். கொஞ்சம்தான் இறங்கியது.

"மேலோட்டமா... கீறிருக்கான்."

"திரும்ப வரச் சொல்லவா?"

"நான் பேசறேன்" என்றார்.

எண்ணைப் போட்டுக் கொடுத்தேன். இடது காதில் வைத்துக்கொண்டார். எதிர்ப்பக்கம் எடுத்தாயிற்று. இவருக்குத் தெலுங்கு வார்த்தை உதடுவரை வந்து நிற்கிறது. "ஹலோ... ஹலோ... எவரு?" என்று அந்தப் பையன் கத்துவது எனக்கே கேட்டது. இப்போது வைத்துவிடுவான் என்று தோன்றியது. என் கை போனைப் பிடுங்க எழுந்தது. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"ஹலோ?" என்றான் அவன் மறுபடி.

குணா மூச்சை இழுத்துக்கொண்டு, மெதுவாக, முதல் வார்த்தையைச் சொன்னார்.