முதுகு சாய ஒரு சுவர்

என் பிரியமுள்ள அக்கா,

நீ வரைந்த சுவர் சூடாகிவிட்டது. இதை முதலில் சொல்லாவிட்டால் உனக்குப் பொறுக்காது. மற்றதெல்லாம் பிறகு.

போன ஐப்பசியில் நோய் உன்னைக் கொண்டுபோனபோது, கொல்லிமலைக் கட்டடத்துக்கு அஸ்திவாரம்தான் போட்டிருந்தோம். அதன்பின், நாம் இருவரும் கட்டடப் படம் வரைந்த நாமக்கல் ஆபீசைப் பூட்டிக்கொண்டு, நான் மட்டும் மலைமேல் செம்மேட்டுக்கு பஸ் ஏறினேன். தூரத்து ஊர்களின் நிறைமாதக் கர்ப்பிணிகள் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே தங்கியிருந்து பிள்ளை பெற ஓர் இல்லம். முன்பு அவர்களுக்கென்று இருந்த அறையில் யாரும் நிலைக்கவில்லை. குளிரும் தனிமையும் தாங்காமல், வந்த வேகத்தில் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பிவிடுவார்கள். வழியில் வலி கண்டால் என்ன ஆவது?

அதற்காகத்தானே அந்தச் சுவரை யோசித்தாய்? எல்லோருக்கும் குளிக்க வெந்நீர் வேண்டும். அந்த அடுப்பின் புகையை நேரே கூரைக்கு அனுப்பாமல், கூடத்தின் தடித்த மண்கல் சுவருக்குள் வளைய வளைய ஓடவிட்டு, கடைசியில் வெளியே விடலாம் என்றாய். அடுப்பு அணைந்த பிறகும் சுவர் சூட்டை வைத்திருக்கும். சுவரையும் பிறை மாதிரி வளைத்திருந்தாய். "நேராக் கட்டுனா பஸ் ஸ்டாண்டுல உக்காந்தாப்ல வரிசையா உக்காருவாங்க. வளைச்சாத்தான் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துப் பேசுவாங்க, கண்ணு" என்று நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

கட்டடக் குழுத் தலைவருக்கு அது பிடிக்கவில்லை. "முன்னால பூராக் கண்ணாடி போட்ருங்க. ரோட்டுல போறவங்க திரும்பிப் பாக்கோணுமில்லைங்களா?" என்றார். உள்ளே இருக்கும் பெண்களை ரோட்டில் போகிறவர்கள் ஏன் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே விட்டுக்கொடுத்தார். நீயாக இருந்தால் இத்தனை பதமாகக் கேட்டிருப்பாயா?

ஆனால் முதல் தடவை அடுப்பு மூட்டியதைப் பார்த்திருக்க வேண்டும் நீ! புகை மேலே போகாமல் கூடத்துக்குள் புகுந்துவிட்டது. குழுத் தலைவர், மேஸ்திரி பெரியசாமி, நான், எல்லோரும் இருமிக்கொண்டே வாசலுக்கு ஓடினோம். "ஏனுங்க, புள்ளத்தாச்சிகளத் தங்க வெக்கறதா, கருவாடு போடறதா?" என்றார் தலைவர். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. சுவரை மூடிவிட்டு கரண்ட் ஹீட்டர் வைக்கலாம் என்று பேச்சு எழுந்தது. மழைக்காலத்தில் கரண்ட் ஒழுங்காக இருக்குமா என்று கேட்டு, இன்னொரு வாய்ப்பு வாங்கினேன்.

மேஸ்திரியும் நானும் சுவரைத் திறந்தோம். புகை திரும்பும் இடங்கள் குறுகலாக இருந்தன. புகைபோக்கியோ கூரை முகட்டுக்குக் கீழேயே நின்றுவிட்டதால், மலைக்காற்று புகையை உள்ளே அமுக்கியிருக்கிறது. திருப்பங்களை அகலமாக்கி, புகைபோக்கியை முகட்டுக்கு மேலே உயர்த்தினோம். ஆமாம், உன் படத்தில் கைவைத்தேன். கோபித்துக்கொள்ளாதே.

இரண்டாம் தடவை மூட்டிய அன்று வெளியே ஒரே மஞ்சு, எதிரே ஆள் தெரியாத பனிமூட்டம். பெரக்கரை நாட்டு ஊர் ஒன்றிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்திருந்த நிறைமாதக்காரி செல்லம்மா, மாமியாரோடு உள்ளே எட்டிப் பார்த்தாள். தலைப் பிரசவத்தின்போது பழைய அறையிலிருந்து ஓடிப்போனவள் அவள். பாதி வழியில், ஜீப்பிலேயே பிள்ளை பிறந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்தது பெரிய பாடு.

"நான் இங்கெல்லாம் தங்க மாட்டனுங்க" என்று சொல்லிக்கொண்டே சுவரில் முதுகைச் சாய்த்தாள். அப்படியே கண்ணை மூடிக்கொண்டாள்.

"என்ன சாமி, வலிக்குதா?" மாமியார் பதறினார்.

"இல்லீங்கத்தை. இடுப்புக்கு ஒத்தடம் குடுத்தாப்ல இருக்குது. நீங்களும் சாஞ்சு பாருங்க."

மாமியாரும் காலை நீட்டி உட்கார்ந்தார். சற்று நேரம் கழித்து, "ஏனுங்க, கூட இருக்கறவங்களும் தங்கலாமுங்களா?" என்று கேட்டார். தங்கலாம் என்றேன். இருவரும் அன்றைக்கு ஊர் திரும்பவில்லை.

செல்லம்மாவுக்குப் பெண் குழந்தை, ஆஸ்பத்திரிக் கட்டிலில், சுகமாக. இப்போது கூடத்தில் இடம் கிடைப்பதே சிரமம். ஈரச் சேலையைச் சுவரில் காயப்போடுகிறவர்களுக்கும் சாய்ந்து உட்காருகிறவர்களுக்கும் தினம் ஒரு பஞ்சாயத்து. காயப்போட நாம் இடமே விடவில்லையே, அக்கா! மஞ்சு இறங்கும் ஊரில் துணி எங்கே காயும் என்று நமக்கு ஏன் தோன்றவில்லை? புகைபோக்கியை ஒட்டி ஒரு சின்ன அறை கட்டிக்கொண்டிருக்கிறேன்.

குண்டூர் நாட்டில் அங்கன்வாடி ஒன்று கட்டித் தரக் கேட்டிருக்கிறார்கள். நீ ஜன்னல் பெரிதாக வேண்டும் என்பாய். நான் பிள்ளைகளுக்குக் குளிரும் என்பேன். இனி உன் பக்கத்தையும் நானேதான் பேச வேண்டும். பேசுகிறேன், அக்கா. நீ எதிரே உட்கார்ந்திருந்தால் எத்தனை வீம்பாகப் பேசுவாயோ அத்தனை வீம்போடு. உன்னை லேசில் தோற்கவிட மாட்டேன், இது சத்தியம்.

உன்னோடு சண்டை போட்டே வளர்ந்த தங்கை,
மலர்