பத்து முப்பத்தொன்றுக்கு எடுத்த ஈ.சி.ஜி.

செவ்வாய் கிரகம், தென்சரிவு நிலையம்

நாள் 212, 06:40
எழுதுபவர்: மருத்துவர் பிரிசில்லா ஞானமுத்து. நிலையத்தில் இருவர். காற்றழுத்தம் சரி. தண்ணீர்க் குழாய் உறைந்திருக்கிறது. அதைச் சரிசெய்யப் பொறியாளர் மூக்கையா வெளியே போகிறார். உசிலம்பட்டிக்காரர், வயது 51. மருத்துவக் கோப்பில் "இதயம்: குறை ஏதுமில்லை." கையொப்பம் பூமியில் இருக்கும் தலைமை மருத்துவர் திலகவதியுடையது. கல்லூரியில் நானும் அவளும் ஐந்து வருடம் ஒரே அறை.

நாள் 212, 10:14
மூக்கையா, ரேடியோவில்: "டாக்டரம்மா, நெஞ்சு மேல அம்மிக்கல்ல வச்சாப்ல இருக்கு. காலையில தின்னது சேரல போல."
"தாடை வலிக்குதாண்ணே?"
"கடுக்குது. உடுப்புக்குள்ள வேர்த்து ஊத்துது."
அவர் போன வண்டியிலேயே உட்காரச் சொல்லி, இங்கிருந்தே அதை இயக்கித் திரும்ப வரவழைத்தேன்.

நாள் 212, 10:33
10:31க்கு ஈ.சி.ஜி. எடுத்தேன். இதயத்தின் முன்பக்கச் சுவரைக் காட்டும் நான்கு கோடுகளும் மேலே எழும்பி நிற்கின்றன. மாரடைப்பு. ஆஸ்பிரின் மென்று விழுங்கவைத்தேன். இங்கே இதயக் குழாயின் அடைப்பைத் திறந்துவிட வசதி கிடையாது. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி ஒன்றுதான் வழி. அதை அரைமணிக்குள் போட வேண்டும். ரத்தக்கசிவு ஆபத்துள்ள மருந்து என்பதால் அந்த அலமாரியின் பூட்டு பூமியின் கையில் இருக்கிறது. ஈ.சி.ஜி.யை அனுப்பித் திறக்கக் கேட்டேன். செய்தி போகப் பன்னிரண்டு நிமிடம், வரப் பன்னிரண்டு.

நாள் 212, 10:59
திலகவதி: "பிரிசி, பதறாதடி. எனக்கு இது நார்மலாத்தான் தெரியுது. வாயுத்தொல்லை. மாத்திரை குடுத்துப் படுக்க வை."
மூன்றாம் வருட மாணவன்கூட இதைத் தவறவிடமாட்டான். அவள் தவறவிட்டு நான் பார்த்ததே இல்லை. என் கண்ணைத்தான் சந்தேகப்பட்டேன். மறுபடி எடுத்தேன். கோடுகள் இன்னும் உயர்ந்திருந்தன. மறுபடி அனுப்பினேன்.

நாள் 212, 11:41
11:19க்கு மூக்கையாவின் பேச்சு பாதியில் நின்றது. நாடி இல்லை. இதயம் துடிக்காமல் நடுங்கிக்கொண்டிருந்தது. மின்ஷாக் கொடுத்தேன். மார்பை அழுத்தினேன். இரண்டாவது ஷாக்கில் திரும்பி வந்தார்.
திலகவதி: "பூட்டத் திறக்க முடியாது. இன்னொரு ஈ.சி.ஜி. அனுப்பு."
மூக்கையாவின் இரும்புக் கம்பியாலேயே அலமாரியை உடைத்தேன். எடைக்கேற்ற அளவு. ஊசி போட்ட நேரம் 11:38. ஒரு மணி நேரம் வீணாய்ப் போயிற்று.

நாள் 212, 14:28
கோடுகள் பாதிக்கு மேல் இறங்கிவிட்டன. வலி போய்விட்டது. தண்ணீர் கேட்டார். பிறகு மெதுவாக:
"பொறப்படுறதுக்கு முன்னாடி எடுத்த ஸ்கேன்லயே அடைப்பு இருக்குன்னு திலகவதியம்மா சொன்னாங்களே. மூணு மாசத்துக்கு மாத்திரை குடுத்தாங்க. தீர்ந்தா பிரிசில்லாம்மா தருவாங்க, அவங்களுக்கு எல்லாம் தெரியும்னாங்க. நானும் நீங்க தருவீங்க தருவீங்கன்னு இருந்தேன்."
"எனக்கு யாரும் சொல்லலண்ணே. கோப்புல இல்ல."
"சரி விடுங்க டாக்டரம்மா" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.
மாத்திரை தீர்ந்த பிறகு நாலு மாதம் ஒன்றாய்ச் சாப்பிட்டிருக்கிறோம். நாலு மாதமும் அவர் காத்திருந்திருக்கிறார்.
திலகவதியிடம் ஒரே வரிதான் கேட்டேன்: ஏன்?

நாள் 212, 14:55
திலகவதி: "அவர் இல்லன்னா பயணமே ரத்துடி. மாத்து ஆள் கெடையாது. ஒங்கிட்ட சொன்னா நீ ஒத்துக்கமாட்ட. ஊசி பூட்டத் தொறந்தா விசாரணை வரும், ஸ்கேன் வெளிய வந்துரும். இப்ப ஈ.சி.ஜி.ய அழிச்சிரு. பூட்ட ஒடச்சது நீ. யோசிச்சுக்க."
மூக்கையாவின் ரத்த அழுத்தத்தைப் பார்க்கப் போனேன்.

நாள் 212, 15:47
தலை பிளக்கிறது என்றார் மூக்கையா. வாந்தி. வாய் கோணுகிறது, வலக்கை தூக்க வரவில்லை. மூளையில் ரத்தக்கசிவு. நான் போட்ட மருந்துதான். நூறில் ஒருவருக்கு வரும். தலையைத் திறக்க இங்கே எதுவும் இல்லை. கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். பிடி தளர்கிறது.

நாள் 212, 17:05
மூக்கையா இறந்தார். கடைசியாக ஏதோ சொன்னார். விளங்கவில்லை. என்னை நம்பினாரா என்று

நாள் 212, 17:32
பூமியிலிருந்து பொது அறிவிப்பு: "நிலைய மருத்துவர் அனுமதியின்றி அலமாரியை உடைத்துச் செலுத்திய மருந்தால் பொறியாளர் மரணம். அவருக்கு மாரடைப்பு இருந்ததற்கான ஆதாரம் இல்லை."
10:31 ஈ.சி.ஜி.யைத் திறந்து பார்த்தேன். கோடுகள் சமமாக ஓடுகின்றன. கீழே "இயல்பு" என்றிருக்கிறது. நான் அழிக்கவில்லை; பூமியிலிருந்து மாற்றியிருக்கிறார்கள். என் கண்ணெதிரே மேலேயுள்ள பதிவுகளையும் ஒவ்வொன்றாக

நாள் 212, 17:34
பூட்டிக்கொண்டே வருகிறார்கள். நேரமில்லை. மூக்கையாவின் மனைவி பெயர் செல்லத்தாயி. இது யார் கையில் கிடைத்தாலும் அவரிடம் சொல்லுங்கள். அடைப்பு இருந்தது. மாத்திரை தீர்ந்துபோனது எனக்குத் தெரி