அலுமாரிக்குப் பின்னால் இருந்த யன்னல்

வீடு முழுக்கச் சீமெந்துத் தூசி மணக்கிறது. அறையின் வாவிப் பக்கத்துச் சுவரை இன்று காலை உடைத்தார்கள். நீ இருந்திருந்தால் தூசி கூட்டத் தும்புத்தடியோடு மேசன்மாரின் பின்னாலேயே திரிந்திருப்பாய். நான் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முன்போல ஓடித் திரிய உடம்பு கேட்பதில்லை.

நம் மகள் பிள்ளை பெற்று வந்திருக்கிறாள். பெண் பிள்ளை. கச்சான் காற்று அனலாய் அடிக்கும் காலம். மதியத்தில் கூரைத் தகடு காய்ந்து அறை அவிந்தது; மின்விசிறி சூட்டைத்தான் சுற்றிச் சுற்றி இறைத்தது. பிள்ளையின் கழுத்தெல்லாம் வேர்க்குரு. "அப்பா, இதுக்குள்ள பிள்ளைய வச்சிருக்க ஏலா. நான் மாமி வீட்ட போறன்" என்றாள். இந்த வீடு உன் அம்மா உனக்குச் சீதனமாகத் தந்தது, நீ அவளுக்கு எழுதிக் கொடுத்தது. சொந்த வீடு இருக்க அவள் மாமியார் வீட்டில் போய்க் கிடப்பதா? நான் நடுவில் குடியிருக்க வந்தவன். இதுவும் என் தலையில்தான் விழ வேண்டுமா என்று சலிப்பாக இருந்தது.

ஏசி பூட்டலாம் என்று காத்தான்குடியிலிருந்து ஒருவரைக் கூப்பிட்டேன். அவர் கூரையைப் பார்த்தார், சுவரைத் தட்டிப் பார்த்தார். "ஐயா, இப்பிடியே போட்டா மெசின் ராப்பகலா ஓடும், அறை குளிராது. முதல்ல கூரைக்குக் கீழ சீலிங் அடிங்க, மேல வெள்ளை பூசுங்க. காத்து வர ஒரு வழி விடுங்க. மறுகா ஏசி வேணுமா எண்டு பாருங்க" என்றார். தன் வியாபாரத்தைத் தானே கெடுத்துக்கொண்ட மனிதர். சீலிங்கும் வெள்ளைப் பூச்சும் முடிந்ததில் சூடு பாதி தணிந்தது. மிச்சம், காற்று வர வாவிப் பக்கத்தில் அடைத்துக் கிடந்த அந்த யன்னல்தான்.

அதில் நான் எப்படி முடிவெடுப்பேன்? அடைத்தவள் நீ. சண்டைக் காலத்தில், மகள் கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு பின்னேரம், வாவிப் பக்கமிருந்து வந்த துப்பாக்கி வெடி யன்னலால் புகுந்து எதிர்ச்சுவரில் பாய்ந்தது. தொட்டிலுக்குச் சற்று மேலே. மறுநாளே மேசனைக் கூட்டிவந்து கல் வைத்து அடைத்தாய். அலுமாரியை இழுத்து அதற்கு முன்னால் விட்டாய். புழுங்குமே என்றேன். "புழுங்கினாப் பிள்ளை அழும். அழுதாப் பரவாயில்ல" என்றாய்.

சண்டை ஓய்ந்த பிறகு ஒரு தடவை, திறப்போமா என்று கேட்டேன். "இரிக்கட்டும், மறுகா பாப்பம்" என்றாய். அதை மாட்டேன் என்றே எடுத்துக்கொண்டேன். அதன் பிறகு நான் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. பொங்கலுக்கு வீடு துடைக்கும்போதெல்லாம் அலுமாரிப் பக்கம் மட்டும் என்னை அண்ட விடமாட்டாய். "நீங்க போய் முத்தத்தக் கூட்டுங்க" என்று விரட்டுவாய். எனக்கும் வேலை குறைந்தால் நல்லது என்று போய்விடுவேன். கடைசியில் அதே அறையில், அதே புழுக்கத்தில் படுத்துப் போய்ச் சேர்ந்தாய்.

பிள்ளையின் வேர்க்குருவைப் பார்த்துத்தான் திறக்கச் சொன்னேன். சுவரை உடைக்க இன்று அந்த அலுமாரியை நகர்த்தினார்கள். பின்னால், உன் பழைய நீலச் சேலையில் சுற்றியபடி, யன்னல் கதவுகள் இரண்டும். எப்போதோ அடுப்புக்குப் போயிருக்கும் என்று நான் நினைத்தவை. கீல்களில் துருவே இல்லை. பக்கத்தில் உன் தையல் மெசின் எண்ணெய்ப் போத்தல். எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. திறக்கத்தான் வைத்திருந்தாய் என்றால் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, புள்ள. நானும் இன்னொரு தடவை கேட்டிருக்கலாம்.

மேசன் புதுக் கதவு போடலாம் என்றார். வேண்டாம் என்று உன்னுடையதையே கொழுவச் சொன்னேன். பின்னேரம் கடற்காற்று வாவியைத் தாண்டி உள்ளே வந்தது. மகள் மின்விசிறியை நிறுத்தினாள். பிள்ளை நெடுநேரம் தூங்கியது. மாமி வீட்டுப் பேச்சை அவள் பிறகு எடுக்கவில்லை.

பொழுது பட்டதும் என் கை தானாகப் போய்க் கதவைச் சாத்திவிட்டது. "அப்பா, இப்ப ஆரு சுடப் போறாங்க?" என்று சிரித்துக்கொண்டே மகள் திறந்தாள். அவள் சிரிக்கலாம், அவளுக்கு ஒன்றும் நினைவில்லை. எனக்கு அந்தப் பயம் இன்னும் போகவில்லை. உனக்கும் போயிருக்காது, ஆனாலும் எண்ணெய் விட்டு வந்திருக்கிறாய்.

அவள் அப்பால் போன பிறகு மறுபடி யன்னலடிக்குப் போனேன். சாத்தவில்லை. கீலுக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன்.